சீனா காந்தத்தை நிறுத்தினால் நம்ம கடற்கரையைத் தோண்டித்தான் ஆகணுமா?

நீரோடிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டின் கடைசிக் கரையான நீரோடிப் பக்கம். எங்களைத் தாண்டினால் கேரளாவின் பொழியூர்தான். ஒரு விஷயம் மனசைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

2025 ஏப்ரல் 4ஆம் தேதி சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்த்துச் செய்கிற காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், யிட்ரியம். சுங்கவரிச் சண்டை அமெரிக்காவோடு, ஆனால் அடி நமக்கும் விழுந்தது. மின்சார வண்டி செய்கிற கம்பெனிகள் காந்தம் கிடைக்காமல் உற்பத்தியைக் குறைத்ததாக அந்த ஜூன், ஜூலையில் செய்தி மேல் செய்தி. உடனே எல்லாப் பார்வையும் அரிய மண் கலந்த கேரள, குமரிக் கரை மணல் பக்கம் திரும்பியது. செப்டம்பர் 8ஆம் தேதி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கிற சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஓர் உத்தரவு போட்டது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதமும் எழுதினார்.

இதில் எங்களுக்கு என்ன என்றால், கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் கனிம நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டம் வைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடக்க இருந்த கருத்துக்கேட்பு, எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிப்போனது. இப்போது கேட்கவே வேண்டாம் என்றால் நாங்கள் எங்கே போய்ப் பேசுவது?

ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். சீனா கழுத்தைப் பிடிக்கும்போது நாட்டுக்காக நாமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் என்று ஒரு பக்கம். மணல் போனால் கடல் வீட்டுக்குள் வரும், அப்புறம் நாடு எங்கே இருக்கும் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. அதனால் நேராகக் கேட்கிறேன்: இந்த மணலைத் தோண்டி எடுத்தால் சீனாவின் பிடி உண்மையிலேயே தளருமா?

ஆலுவாத்தமிழன்:

தம்பி, நான் ஆலுவா ஏலூர்ப் பக்கம் வேதிப்பொருள் தொழிலில் ரொம்ப காலமாக இருக்கிறேன். கேள்வியை ரொம்பச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆனி ஆடிக் கடலுக்குப் பிறகு உங்கள் கரையில் கறுப்பாகப் படிகிற மணலைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்புத் துகள்கள் பெரும்பாலும் இல்மனைட், பெயின்டுக்கு வெள்ளை நிறம் கொடுக்கிற டைட்டானியம் அதிலிருந்துதான் வருகிறது. மணலில் அதுதான் பெரும்பங்கு. அதற்கு நடுவே தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் தெரியும், அது மோனசைட். எல்லோரும் இப்போது பேசுகிற அரிய மண் இந்த மோனசைட்டுக்குள் இருக்கிறது, கூடவே கதிர்வீச்சு உள்ள தோரியமும் 8 முதல் 10 சதவீதம் இருக்கிறது, அதனால்தான் அது அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது.

இப்போது மோனசைட்டில் இருக்கிற அரிய மண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி சீரியம், கால் பங்குக்குப் பக்கம் லாந்தனம், ஐந்தில் ஒரு பங்குபோல நியோடிமியம், கொஞ்சம் பிரசியோடிமியம். சீனா தடுத்த ஏழு பெயரையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் சமாரியமும் கடோலினியமும் நம் மணலில் கொஞ்சம் உண்டு. ஆனால் காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்கச் சேர்க்கிற டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் பெயருக்குத்தான் இருக்கும். அவை தென் சீனாவின் ஜியாங்சி பக்கத்துக் களிமண்ணிலிருந்தும் மியான்மரின் காச்சின் மலைகளிலிருந்தும் வருகின்றன. ஆக, சீனா எதைப் பிடித்து வைத்ததோ அந்தச் சரக்கு கிள்ளியூர்க் கரையில் பெரிதாகக் கிடையாது.

சரி, நியோடிமியம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அதற்கும் வருகிறேன். இந்தத் தனிமங்கள் ஒன்றுக்கொன்று வேதியியலில் அவ்வளவு நெருக்கம். அமிலக் கரைசலையும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு கரைப்பானையும் தொட்டியில் கலக்கி, தெளிய விட்டு, மேலே மிதப்பதை அடுத்த தொட்டிக்கு அனுப்பி, அங்கே மறுபடி கலக்கி என்று நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரியும். நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் பல நேரம் பிரிக்காமல் சேர்த்தே விற்றுவிடுவதற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம். 1970களில் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சூ குவாங்சியான் என்ற வேதியியலாளர் இந்தத் தொட்டி வரிசையைக் கணக்குப் போட்டு அமைக்கிற வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சீனா அதை ஆலை ஆலையாகக் கொண்டுபோனது. இன்றைக்கு உலகத்தின் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அவர்களிடம்.

அதோடும் முடியவில்லை. பிரித்த ஆக்சைடை உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்கணும், இரும்பும் போரானும் சேர்த்துக் கலப்புலோகமாக்கணும், மாவாக அரைக்கணும், காந்தப் புலத்துக்குள் வைத்து அழுத்தணும், சுட்டு எடுக்கணும். நம் நாட்டில் மோனசைட் ஒடிசா சத்ரபூரில் உடைபட்டு, ஆலுவாவில் சுத்தமாகி, ஆக்சைடாக நிற்கிறது. அதற்கு மேல் பெரிய அளவில் யாரும் இல்லை. விசாகப்பட்டினத்தில் ஐ.ஆர்.இ.எல். ஒரு காந்த ஆலை வைத்திருக்கிறது, சமாரியம்-கோபால்ட் காந்தம், பாதுகாப்புக்கும் விண்வெளிக்கும். அதன் கொள்ளளவே வருஷத்துக்கு 3,000 கிலோதான்.

2024இல் சீனா எடுத்தது ஏறக்குறைய 2,70,000 டன், நாம் 2,900 டன். இவ்வளவு இடைவெளியை மணலை அள்ளியே நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஆலைக்குள் கால் வைக்காதவர்கள் சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஓசூர்_பர்ச்சேஸ்:

ஆலுவா அண்ணன் சொன்னதில் தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனால் காந்தம் வராத அந்த மாதங்களில் இந்தப் பக்கம் நாங்கள் பட்ட பாட்டையும் ஒருவர் சொல்லணும். சொந்த ஊர் குழித்துறை, வேலை ஓசூரில், இருசக்கர வண்டி மோட்டாருக்குப் பாகம் வாங்குகிற பிரிவு.

சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற மோட்டாரைப் பிரித்தால் வெளிவளையத்தின் உட்பக்கத்தில் பளபளவென்று நிக்கல் பூசிய சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஒன்று வடக்கு, அடுத்தது தெற்கு என்று மாறி மாறி. மொத்த வண்டி விலையில் அது பெரிய காசே இல்லை. ஆனால் அந்தத் தகடு இல்லையென்றால் மோட்டார் இல்லை, வண்டியும் வெளியே போகாது. 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பெட்டி காந்தம் வரவேண்டுமானால், இது ராணுவத்துக்குப் போகாது, வேறு யாருக்கும் கைமாறாது என்று உறுதிமொழி எழுதி, நம் அரசுத் துறைகளில் கையெழுத்து வாங்கி, சீனத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, சீனாவில் இருக்கிற சப்ளையர் மூலம் அவர்கள் வணிக அமைச்சகத்துக்குக் கொடுக்கணும். அங்கே எப்போது பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐரோப்பாக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அனுமதி வந்துவிட்டது, நம் கோப்புகள் அப்படியே கிடந்தன. பஜாஜ் மாதிரிப் பெரிய கம்பெனியே ஆகஸ்டில் மின்சார வண்டி ஒன்றுகூட வராமல் போகலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது.

அப்போது என்ன யோசனை வந்தது தெரியுமா? காந்தத்தைத் தனியாக வாங்கினால்தானே தடை, மோட்டாராகவே சீனாவிலிருந்து கொண்டுவந்துவிடலாம் என்று. அதாவது, இங்கே இருக்கிற வேலையையும் தூக்கி அவர்களிடமே கொடுப்பது. 2024-25இல் சீனாவிலிருந்து நாம் வாங்கியது 113 பில்லியன் டாலருக்கு, விற்றது 14 பில்லியன் டாலருக்கு. எல்லையில் கல்வானில் 2020 ஜூனில் இருபது பேரைப் பறிகொடுத்தோம், ராமநாதபுரத்துக்காரர் ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். அதற்குப் பிறகு செயலிகளைத் தடை செய்தோம், அவர்கள் முதலீட்டுக்குக் கடிவாளம் போட்டோம், ஆனால் வாங்குவது மட்டும் ஏறிக்கொண்டேதான் போனது. இந்த நிலைமையில் எந்த மணலும் வேண்டாம், எந்த ஆலையும் வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் மறுப்பு சொன்னால் எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன வழி?

இனயத்துக்காரி:

ஓசூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் மறுப்பு சொல்கிறவர்கள் என்று எங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள், நீங்கள் குழித்துறைக்காரர், உங்களுக்கு இந்தக் கரை தெரியும். மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை நூறு வருஷத்துக்கும் மேலாக ஏதோ ஒரு பெயரில் ஓடுகிறது. அதை யாரும் இழுத்து மூடிவிடவில்லை. புதிதாக 1,144 ஹெக்டேர் என்று வரும்போதுதான் கேட்கிறோம்.

எங்கள் பயம் கற்பனை கிடையாது. ஆலப்பாட்டைப் போய்ப் பாருங்கள், கொல்லம் மாவட்டத்தில். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மெல்லிய நிலத்துண்டுதான் மிச்சம். 2018-19இல் அங்கே இளைஞர்கள் போராடியதைத் தேசமே பார்த்தது. பொழியூர்ப் பக்கம் கடலரிப்பில் வீடு போனவர்களை நீரோடித் தம்பிக்கே தெரியும். ஓகி புயல் வந்த 2017இல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் எத்தனை வீட்டில் ஆண்கள் திரும்பி வரவில்லை. கரைமேடு ஒன்றுதான் எங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த மேட்டில்தான் கட்டுமரமும் வள்ளமும் ஏற்றி வைக்கிறோம், வலை காயவைக்கிறோம், மீன் உணக்குகிறோம். மணலை எடுத்துவிட்டு மறுபடி நிரப்புவோம் என்கிறார்கள். கனமான கறுப்பு மணலை எடுத்துவிட்டு லேசான வெள்ளை மணலைப் போட்டால் அது அடுத்த ஆடிக் கடலுக்கு நிற்குமா என்று எங்கள் ஆட்கள் கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

புற்றுநோய்ப் பேச்சும் இருக்கிறது. இந்தக் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், தோண்டினால் கூடுமா குறையுமா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

இன்னொன்று. இந்தக் கரையில் சட்டத்தை மீறித் தாதுமணல் அள்ளியவர்கள் எத்தனை வருஷம் அள்ளினார்கள்? 2013இல்தான் மாநில அரசு தடை போட்டது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரிக்கச் சொன்னது. அப்போதெல்லாம் சீனாவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கப்பல் கப்பலாக வெளியே போனது. இப்போது எங்கள் வாயை அடைக்க மட்டும் சீனா வேண்டியிருக்கிறதா?

ஆலுவாத்தமிழன்:

அக்கா, புற்றுநோய் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கருநாகப்பள்ளிக் கரையில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் பல வருஷம் மக்களைப் பின்தொடர்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டது. இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடங்களில் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாக அதில் தெரியவில்லை. ஆனால் அது மணலோடு காலகாலமாக வாழ்கிறவர்களைப் பற்றியது. மணலை உலர்த்தி, சலித்து, மோனசைட்டைத் தனியாகச் சேர்க்கிற இடத்தில் தூசியைச் சுவாசிப்பது வேறு விஷயம், அங்கே கட்டுப்பாடு கறாராக இருக்கணும். அந்த அளவீடுகளை ஊர் மக்கள் பார்க்கும்படி வைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் சொன்ன தாதுமணல் விஷயத்தில் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி, நெல்லை, குமரியில் சீல் வைத்த கிடங்குகளில் லட்சக்கணக்கான டன் மணல் ஏற்கெனவே தோண்டியெடுத்துக் கிடக்கிறது. வழக்கு முடித்து அதை முதலில் பயன்படுத்தட்டும். ஒரு புதுக்குழி தோண்டாமல் கிடைக்கிற சரக்கு அது.

பாறசாலை_வாத்தியார்:

வரலாறு சொல்லித்தருகிறவன் என்பதால் நானும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன், ஏனென்றால் இந்தப் போட்டியில் நாம் பின்னால் நிற்பதற்குக் காரணம் மணல் இல்லாததால் என்று நினைத்தால் கதையே தலைகீழாகிவிடும்.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். கயிறு வந்த வழியே தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை போட்டார். அன்றைக்கு இது தோரியத்துக்காக, காஸ் விளக்கின் மாண்டிலுக்காக. நாடு விடுதலையாகிற சமயத்தில் இந்த மணலுக்காகவே பிரிட்டனும் அமெரிக்காவும் கண்வைத்திருந்தன, திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் இதை வைத்தே தனித் திருவிதாங்கூருக்குப் பேரம் பேசப் பார்த்தார். 1950இல் ஐ.ஆர்.இ., அதாவது இன்றைய ஐ.ஆர்.இ.எல்., தொடங்கியது. 1952இல் ஆலுவா ஆலையை நேரு திறந்துவைத்தார். அந்தக் காலத்தில் அரிய மண்ணைப் பிரித்தெடுக்கத் தெரிந்த நாடுகள் உலகத்திலேயே ஒரு கைவிரலுக்குள். அதில் நாம் இருந்தோம், சீனா இல்லை.

அப்புறம் என்ன ஆனது? நமக்குத் தோரியம்தான் முக்கியம், மற்றது பக்கப் பொருள். சீனாவோ உள் மங்கோலியாவில் பயான் ஓபோ இரும்புச் சுரங்கத்தின் பக்கப் பொருளையே முதல் பொருளாக்கியது. மத்தியக் கிழக்குக்கு எண்ணெய் என்றால் சீனாவுக்கு அரிய மண் என்று 1992இல் டெங் சியோபிங் சொன்னதாகச் சொல்வார்கள். 1995இல் ஜெனரல் மோட்டார்ஸின் காந்தப் பிரிவான மேக்னக்வெஞ்சைச் சீனக் கம்பெனிகள் சேர்ந்த குழு வாங்கியது, சில வருஷத்தில் அமெரிக்க ஆலையின் வேலை சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆறும் வயலும் கெட்டதும் உண்மை. ஆக, முப்பது நாற்பது வருஷம் நட்டத்தையும் அழுக்கையும் பொறுத்துக்கொண்டு கட்டிய கோட்டை அது.

இதில் முதலில் அடிபட்டது ஜப்பான். 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்குப் பக்கம் ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் ரோந்துக் கப்பல்களில் மோதியது, ஜப்பான் படகின் தலைவரைப் பிடித்துவைத்தது, கொஞ்ச நாளில் ஜப்பானுக்குப் போகிற அரிய மண் நின்றுபோனது. ஒரு படகுத் தகராறு, அவ்வளவுதான் தொடக்கம். ஜப்பான் அப்போதே ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனிக்குப் பணம் கொடுத்து மலேசியாவில் சுத்திகரிப்பு ஆலை எழும்ப வழி செய்தது, கையிருப்பு சேர்த்தது, டிஸ்ப்ரோசியம் குறைவாகப் போதுகிற காந்தத்தைக் கண்டுபிடித்தது, பழைய மோட்டாரிலிருந்து காந்தத்தை மீட்டது, நம்மோடும் ஒப்பந்தம் போட்டது. நம் மணலின் அரிய மண் விசாகப்பட்டினம் வழியாக டொயோட்டா குழும நிறுவனம் மூலம் ஜப்பானுக்குப் போனது அப்படித்தான். ஏனென்றால் இங்கே வாங்கிக் காந்தமாக்க ஆளில்லை. இத்தனை செய்தும் ஜப்பானின் சார்பு 90 சதவீதத்திலிருந்து 60 பக்கம்தான் இறங்கியிருக்கிறது. 2025 ஜூனில் அந்த ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி நம் அரசு கேட்டதாகச் செய்தி வந்தது. சீனாவோடு இழுபறி என்றால் நண்பனுக்குப் போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம்.

நீரோடித் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில்: பிடி தளரணும் என்றால் காந்த ஆலை வேண்டும். 2025 நவம்பரில் அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு திட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது, வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இலக்கு. அந்த ஆலைகள் எழும்பி ஓடுவதற்கே வருஷங்கள் ஆகும். அதுவரை மணல் எங்கும் ஓடிப்போகாது. அவ்வளவு நேரம் இருக்கும்போது, கரையில் இருக்கிறவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்க நேரமில்லை என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

ஓசூர்_பர்ச்சேஸ்:

வாத்தியார் சார், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 6,000 டன் காந்தம் செய்ய ஆலை எழும்பிவிட்டால், அதற்கு நியோடிமியம் போட ஐ.ஆர்.இ.எல். இப்போது தருகிற அளவு போதாது. நல்ல காந்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் அரிய மண். அன்றைக்கு ஆக்சைடை மறுபடி சீனாவிலிருந்தே வாங்கினால் கதை பழையபடி ஆகிவிடும். அதனால் எங்காவது மணல் எடுத்துத்தான் ஆகணும். எங்கே, எவ்வளவு, எப்படி என்பதைத்தான் பேசணும். அக்கா கேட்டதுபோல மணல் நிரப்புவது கடலுக்கு நிற்குமா என்பதற்கு ஆய்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

இனயத்துக்காரி:

அப்படிப் பேசினால் நாங்களும் உட்காருவோம் தம்பி. எங்கள் வீட்டுப் பையன்களும் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வருகிறவர்கள்தான். எங்களைக் கேட்காமல் தோண்டினால் மட்டும் விடமாட்டோம்.

நீரோடிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார், ஆலுவா அண்ணன் இருவரும் எழுதியதை அச்செடுத்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடுகிற கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன். மனு எழுதலாம் என்று பேச்சு இருக்கிறது. கருத்துக்கேட்பை மறுபடி நடத்தணும், கிடங்கில் இருக்கிற மணலை முதலில் எடுக்கணும், மணல் நிரப்பிய பிறகு கரை நிற்குமா என்று வெளியில் இருந்து ஆட்கள் வந்து ஆய்வு செய்யணும், கதிர்வீச்சு அளவை ஊரில் பலகையில் போடணும். இவ்வளவு போதுமா? இன்னும் ஏதாவது சேர்க்கணுமா?

பாறசாலை_வாத்தியார்:

ஒன்று சேருங்கள் தம்பி. இங்கிருந்து போகிற மோனசைட் எங்கே போகிறது, அது இந்த நாட்டில் காந்தமாகிறதா இல்லையா என்று வருஷா வருஷம் மக்களுக்குச் சொல்லணும் என்று கேளுங்கள். மனுவை ஊர்க்கூட்டத்தோடு விடாமல் கொல்லங்கோடு நகராட்சி மன்றத்தில் தீர்மானமாகப் போடப் பாருங்கள், கவுன்சிலர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். பொழியூர்க்காரர்களையும் கூப்பிடுங்கள், மாநில எல்லைக் கல் நிலத்தில்தான் இருக்கிறது, கடல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் அரிக்கிறது. மலையாளத்தில் மனு எழுத வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.